கயிறு இல்லாத மணிக்கட்டு

அவனுடைய பெயர் சதீஸ்குமார். பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரமாக உள்ள ஒரு பித்தளைச் சாமான் கடையில் விளக்குத் துலக்குவது அவன் தொழில். கட்டுகஸ்தோட்டையில், சைக்கிள் திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக வசித்துவந்தான். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவான்; வெறுந்தேநீரை ஊதி ஊதிக் குடிப்பான்; குடித்த கோப்பையை அப்போதே கழுவிக் கவிழ்த்துவிடுவான். பேருந்தில் ஏறினால் வலப்பக்கத்து இருக்கையில்தான் அமர்வான். அது கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போவான். மாலையில் திரும்பும்போது இந்த வழக்கம் இடப்பக்கத்துக்கு மாறிவிடும். வழியில் இருந்த மதுக்கடையின் கம்பிக் கதவு கண்ணிற் படாமல் இருப்பதற்காக அவன் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இரவு உணவைச் சைவக் கடையொன்றில், சுவரைப் பார்த்தபடி அமர்ந்து உண்பான். பரிமாறுகிறவர் "ஒரு ஆளா?" என்று கேட்பதை விட்டு வெகுகாலமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மாலை ஐந்து மணி எப்போது ஆகும் என்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில்தான் மாத்தளையிலிருந்து மகள் தர்ஷிகாவின் முகம் அந்தச் சிறிய திரையில் தோன்றும்.

அவனுடைய மனைவி கஜலட்சுமி மகளை அழைத்துக்கொண்டு மாத்தளையில் உள்ள தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். குடிவெறியில் அவன், பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கி மழைவெள்ளம் ஓடிய வாய்க்காலில் எறிந்த மறுநாட் காலையில் அது நடந்தது. அவள் கத்தவில்லை, அழவுமில்லை. நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்படியில் உலர்த்தி, உலர்ந்தவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். இப்போது அவன் குடியை விட்டுவிட்டான். குடிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக அவன் கையிற் கட்டியிருந்த கயிறு தைப்பொங்கல் வரையில் அறாமல் இருக்குமானால், பிள்ளையோடு வந்து சில நாட்கள் தங்கிப் பார்ப்பதாகக் கஜலட்சுமி சொல்லியிருந்தாள். ஆகவே ஞாயிறுதோறும் மகளின் முதற்பேச்சு ஒன்றாகவே இருந்தது.

"அப்பா, கயித்தக் காட்டுங்க."

அவன் வலக்கையைத் திரைக்கு முன்னால் உயர்த்துவான். அதன் பிறகே மற்றப் பேச்சு.

கண்டி நகரின் ஓரத்தில், மலைச்சரிவில் இருந்த சிறியதொரு முருகன் கோயிலின் மண்டபத்தில் கட்டப்பட்ட கயிறு அது. மாநகர சபையில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற நடராஜா என்பவர் அங்கே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தை நடத்திவந்தார். அவரும் ஒரு காலத்தில் குடித்துக் கெட்டவரே. முருகன்தான் தம்மைத் தூக்கி நிறுத்தினான் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. வருகிறவர்கள் பாயில் அமர்ந்து பஜனை பாடுவார்கள். பின்னர் தட்டிற் கற்பூரம் எரியும். ஒவ்வொருவராக எழுந்து வந்து, சுடரின்மேல் உள்ளங்கையைக் காட்டி, "முருகா, இந்த வாரம் குடிக்கல, வர்ற வாரமும் குடிக்க மாட்டேன், உம்மேல சத்தியம்" என்று சொல்வார்கள். புதிதாக வருகிறவனுக்கு மஞ்சளும் சிவப்பும் சேர்த்து முறுக்கிய கயிற்றை நடராஜா தம் கையாலேயே கட்டிவிடுவார். அதை எவரும் கழற்றுவதில்லை. ஆண்டுக்கொரு முறை தைப்பூசத்தன்று அவரே பழையதை நீக்கிப் புதியதைக் கட்டுவார்.

இடையில் அது தானாக அறுந்து விழுந்தால், அந்த ஆள் விழுந்துவிட்டான் என்பது அவர்களுடைய துணிபு. அவன் குடித்திருப்பான், அல்லது குடிக்கப் போகிறான். சாமி முந்திக்கொண்டு கையை விட்டுவிட்டார் என்பார்கள். முச்சக்கர வண்டி ஓட்டும் ரமேஸின் கயிறு ஒருமுறை அப்படித்தான் அறுந்தது. விசாரித்ததில், கலகெதரவில் ஒரு சாவீட்டில் அவன் அரைப் போத்தல் குடித்தது வெளியாயிற்று. அதன் பிறகு அந்த நம்பிக்கை கல்லில் எழுதியதுபோலாயிற்று. விழுந்தவன் எல்லோர் முன்னிலையிலும் "விழுந்தேன்" என்று ஒப்புக்கொண்டு, குளிர்நீரில் தலைமுழுகி, பின்வரிசையில் செருப்புகளுக்கு அருகே சில வாரங்கள் அமர்ந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் மறுபடியும் கயிறு கிடைக்கும்.

இந்தக் கூட்டத்தில் சதீஸ்குமாருக்கு ஒரேயொரு சங்கடம் இருந்தது. அவனுக்குக் கடவுள்மீது நம்பிக்கை இல்லை.

கோபத்திலிருந்து வந்த நம்பிக்கையின்மை அல்ல அது. சிறு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சந்நிதியில் நின்றபோதே, தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையில் ஆள் இல்லாமல் பேசுவதுபோல அவனுக்குத் தோன்றியதுண்டு. பெரியவனான பிறகும் மறுமுனையிற் குரல் எழவில்லை. இதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. வெள்ளிதோறும் கற்பூரத்தின்மேல் கையைக் காட்டினான். செய்த சத்தியம் பொய். ஆனால் குடிக்கவில்லை என்று சொன்ன செய்தி மெய். இவ்விரண்டையும் ஒரே வாயாற் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு அமர்ந்து கடலைச் சுண்டலை உண்டுவிட்டு வருவான். "சதீசு, இன்னும் கொஞ்சம் எடு தம்பி" என்று யாராவது சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகவே மற்ற ஆறு நாட்களையும் அவனாற் கடக்க முடிந்தது.

கார்த்திகை விளக்கீடு நெருங்கிய சமயம் அது. கோயில்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் கறுத்துப்போன குத்துவிளக்குகள் கடைக்கு வந்து குவிந்தன. முதலில் அமிலம் கலந்த நீரில் முக்கி எடுத்து, பின்பு புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்க வேண்டும். கயிற்றில் ஈரம் படாதிருக்க அவன் எப்போதும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இறப்பர் கையுறையை மாட்டிக்கொள்வான். அன்று வேலை மிகுதியாற் கையுறை கிழிந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. மத்தியானம் சோற்றுக்குக் கை கழுவும்போது பார்த்தால், தாள் மட்டும் மணிக்கட்டில் இருந்தது, கயிற்றைக் காணோம். தொட்டியின் அடியில் துழாவினான். சாயம் கழன்று, தொட்டவுடன் விரலில் மாவாய்க் கரையும் நாலைந்து நூல் துண்டுகள் கிடைத்தன.

கடையின் உரிமையாளர் ஜவாஹிர், அலவத்துகொடக்காரர்; அண்ணன் என்ற பொருளில் அவரை எல்லோரும் 'நானா' என்றே அழைப்பார்கள். வாடிக்கையாளரோடு பேரம் பேசும்போதும் பகடிதான். வேலையாளிடம் பேசும்போதும் பகடிதான். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சதீஸ், தொட்டிக்குள்ள மீன் புடிக்கிறீங்களா?"

"கயிறு நானா. எசிட் தின்னுருச்சு."

"கயிறுதானே! டவுன்ல ஒண்ட வாங்கிக் கட்டுங்களே."

"அது கடையில வாங்குறதில்ல நானா."

"அப்ப எங்க, சீமையிலயா வாங்குற?" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அவங்க நீங்க குடிச்ச எண்டு நெனப்பாங்களோ?"

"ஆமா நானா."

"நான் வந்து, நீங்க குடிக்கல்ல எண்டு செல்லட்டா? தினமும் காலையில ஒங்கட மூஞ்சப் பாக்கிறவன் நான். இந்த விளக்கெல்லாம் சாட்சிக்கு வரும்."

சதீஸ்குமார் சிரித்தான். ஆனால் அந்தச் சபையில் ஜவாஹிருடைய சாட்சியும் செல்லாது, விளக்குகளின் சாட்சியும் செல்லாது என்பதை அவன் அறிவான். அங்கே கயிறு ஒன்றுதான் சாட்சி.

அன்று மாலையில் கண்டியில் இறங்கி, பூசைச் சாமான் கடையொன்றில் அதே மஞ்சள் சிவப்புக் கயிற்றை வாங்கினான். வெறும் நூல்தானே என்று எண்ணினான். நம்பாதவனுக்கு எந்தக் கயிறாக இருந்தால் என்ன? அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முனையைப் பல்லாற் கவ்வி, மறுமுனையை இடக்கை விரல்களால் இழுத்து முடிச்சிட முயன்றான். இரண்டு தரம் நழுவிற்று. மூன்றாம் தரம் முடிச்சு விழுந்தது. எச்சில் பட்ட அந்த முடிச்சை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடராஜா முதன்முறை கயிறு கட்டிய மாலை அவன் நினைவுக்கு வந்தது. அவருடைய தடித்த விரல்கள் அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்திருந்தன. முடிச்சு இறுகும் வரையில் அவர் அவன் கையை விடவில்லை. அதற்கு முன்பு எத்தனையோ மாதங்களாக அவன் கையை எவரும் தொட்டதில்லை. காசைக் கொடுக்கிறவர்கள்கூட மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பொய்ச் சத்தியத்தை வாரந்தோறும் கூசாமற் செய்த அவனால் இந்தக் கயிற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போக முடியவில்லை. முடிச்சை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்கைச் சட்டை அணிந்து கூட்டத்துக்குப் போனான். கற்பூரம் காட்டும்போது ஒருவரும் கவனிக்கவில்லை. சுண்டல் வாங்குவதற்காகக் கையை நீட்டியபோது சட்டைக்கை மேலேறிற்று. தட்டை வைத்திருந்த ரமேஸ் அப்படியே நின்றான்.

"அண்ணே," என்று கூப்பிட்டான். "இங்க வந்து பாருங்களேன்."

நடராஜா வந்து பார்த்தார். மண்டபத்திற் பேச்சு அடங்கிற்று.

"எப்ப தம்பி?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"நான் குடிக்கல அண்ணே. வெளக்குக் கழுவுற எசிட் பட்டு அறுந்துருச்சு."

"எனக்கு அன்னைக்கு பேட்டரித் தண்ணி பட்டுத்தான் அறுந்துச்சு," என்றான் ரமேஸ். இரண்டொருவர் சிரித்தார்கள். "நானும் அப்பிடித்தான் சொன்னேன். ஞாபகம் இருக்கா அண்ணே?"

"நீ சும்மா இரு ரமேசு." நடராஜா சதீஸ்குமாரின் தோளில் கையை வைத்தார். "விழுறது பெரிய குத்தம் இல்ல தம்பி. மறைக்கிறதுதான் குத்தம். விழுந்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. தலைக்குத் தண்ணிய ஊத்திட்டு மொதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

"விழல அண்ணே."

"சாமி காரணமில்லாம அறுக்க மாட்டாரு."

"சாமி அறுக்கல. எசிட்தான் அறுத்துச்சு."

நடராஜாவின் கை தோளிலிருந்து விலகிற்று. அந்த விலகலை அவன் நன்றாக உணர்ந்தான். விழுந்தேன் என்று சொன்னால் கயிறு கிடைக்கும். ஆனால் நடராஜாவின் மனைவி மாத்தளைக்காரி, கஜலட்சுமிக்கு உறவு. அந்தப் பொய் ஞாயிறுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். விழவில்லை என்று நின்றால், கயிறு என்பது நூல் மட்டுமே என்று இத்தனை பேர் நடுவில் சொன்னவனாகிறான். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து செருப்பை மாட்டினான். யாரும் கூப்பிடவில்லை.

பேருந்துக்காகக் காத்திருக்க மனமில்லாமல் நடந்தான். நடக்கிறவனுக்கு வலப்பக்கம் இடப்பக்கம் என்று தேர்ந்துகொள்ள இருக்கை இல்லை. மதுக்கடையின் கம்பிக் கதவுக்கு முன்னால் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மஞ்சள் விளக்கு. ஈரத் தரையிலிருந்து பழகிய வாசனை எழுந்து வந்தது. எப்படியும் குடித்தவன் என்றே சொல்லிவிட்டார்கள். குடித்தாலென்ன என்று நெஞ்சு கேட்டது. முன்னால் நின்றவன் விலகி வழிவிட்டான். சதீஸ்குமாரின் வலக்கை கம்பியைப் பிடித்தது. அப்போது கயிறு இருந்த இடம் அவன் கண்ணிற் பட்டது. வெயில் படாத தோல் அங்கே வளையம்போல வெளுத்துக் கிடந்தது.

"அண்ணே, வாங்குறீங்களா, இல்லாட்டி கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவன் தள்ளி நின்றான். பிறகு நடந்தான். அறைக்கு வரும்வரை யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. நன்றி சொல்வதற்கு அங்கே எவரும் இல்லை.

ஞாயிறு ஐந்து மணிக்குத் திரையில் தோன்றியது மகளின் முகம் அல்ல, கஜலட்சுமியின் முகம்.

"தர்ஷி டியூசனுக்குப் போயிருக்கா," என்றாள். அது மெய்யல்ல என்பது அவள் கண்களிலேயே தெரிந்தது. "நடராஜா அண்ணன் வீட்டு அக்கா பேசுனாங்க."

"சரி."

"குடிச்சீங்களா?"

"இல்ல கஜா."

"ஏங்க, எனக்கு எசிட்டுக் கதையெல்லாம் வேணாம். முருகன் மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. நம்புறேன்."

எவ்வளவு எளிதான வேலை! எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் செய்தது. நான்கு சொற்கள், பொங்கலுக்கு அவள் வந்துவிடுவாள். அவன் வாயைத் திறந்தான். சொற்கள் அங்கேயே இருந்தன. ஆனால் இவளிடம் அந்த மெய்யைச் சொல்வதற்கு அந்தப் பொய்யால் முட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சத்தியம் பண்ண ஏலாது," என்றான். "எனக்குச் சாமி நம்பிக்க இல்ல கஜா. எப்பவுமே இருந்ததில்ல. கல்யாணத்துக்கு முன்னாடியும் இல்ல. ஆனா நான் குடிக்கல. வெள்ளிக்கிழம கடை வாசல் வரைக்கும் போனேன். கம்பியப் புடிச்சேன். குடிக்காம வந்துட்டேன்."

மறுமுனையில் எங்கோ குக்கர் சீழ்க்கையடித்தது.

"கம்பியப் புடிச்சத ஏன் சொல்றீங்க?" என்று அவள் கேட்டாள். "நான் அதக் கேக்கவே இல்லையே."

"நடந்தது அதுதானே."

"பொங்கலுக்கு வர்றதப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாது," என்றாள் கடைசியில். குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது. "சாப்பிட்டீங்களா?"

"இனித்தான்."

"சாப்பிடுங்க."

திரை இருண்டது. கொடியில் துணிகள் இன்னும் ஈரமாகவே தொங்கின. அவன் அன்று சைவக் கடைக்குப் போகவில்லை. பாண் துண்டொன்றை வெறுந்தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

அடுத்த வியாழக்கிழமை, வேலை முடிந்ததும் நேரே நடராஜாவின் வீட்டுக்குப் போனான். அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்து, கற்பூரத் தட்டைத் தாமே துலக்கிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் துலக்குவதை நிறுத்தவில்லை.

"ஒப்புக்க வந்தியா?"

"ஒண்ணு ஒப்புக்கணும் அண்ணே. ஆனா நீங்க கேட்டது இல்ல." நின்றுகொண்டே சொன்னான். "எனக்குச் சாமி நம்பிக்க கெடையாது. மொத நாள்ல இருந்தே கெடையாது."

அவருடைய கை நின்றது.

"அப்ப வாரா வாரம் கற்பூரத்துல கை வச்சது?"

"சத்தியம் பொய்யி அண்ணே. குடிக்காதது நெசம்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியேடா."

"ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். ஒங்களுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னுதான் குடிக்காம இருந்தேன்."

நடராஜா தட்டைத் தரையில் வைத்தார். அவர் முகத்தில் சினத்தைக் காட்டிலும் நோவே மிகுந்திருந்தது. "முருகன் இல்லாட்டி நான் எப்பவோ செத்துச் சுடுகாட்டுக்குப் போயிருப்பேன். ஒனக்கு இது வெளையாட்டாப் போச்சா?"

"வெளையாடல அண்ணே. ஒங்களுக்கு அவரு இருக்காரு. எனக்கு இல்ல. எனக்கு அந்த மண்டபம் மட்டுந்தான் இருக்கு."

"நம்பாதவன் கையில நான் கயிறு கட்ட மாட்டேன். அது எனக்குப் பாவம்."

"கட்ட வேணாம்."

"அப்ப எதுக்குத்தான் வந்த?"

சதீஸ்குமார் சட்டைப் பையிலிருந்து அந்தப் புதிய கயிற்றை எடுத்தான். பல்லாற் கவ்விய இடத்தில் அது சற்றே நைந்திருந்தது. அந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிகுதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"இத நான் எனக்குக் கட்டிக்கத்தான் வாங்குனேன். மனசு வரல. புதுசா யாரும் வந்தாக் கட்டி விடுங்க."

நடராஜா கயிற்றைப் பார்த்தார். பிறகு அவனுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். எதையும் தொடவில்லை. வீதியில் ஒரு பேருந்து பெருமூச்சுவிட்டபடி மேடேறிப் போயிற்று.

"கயிறு இல்லாதவன் முன்னால உக்கார ஏலாது," என்றார் அவர். "செருப்புப் பக்கம்தான். ரமேசு நக்கலடிப்பான். நான் தடுக்க மாட்டேன்."

"அடிக்கட்டும்."

"எத்தன வாரத்துக்குன்னும் நான் சொல்ல மாட்டேன்."

"சரி அண்ணே."

அவன் படலையைத் திறந்து வெளியே வந்து, மறுபடியும் அதைச் சாத்திக் கொளுவியை மாட்டினான். அவர் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வருவேன்," என்றான் சதீஸ்குமார். "கற்பூரத்துல கை வைக்க மாட்டேன். குடிக்கலன்னு மட்டும் சொல்லிட்டுப் பின்னால இருக்கேன்."